சிந்தாமணி வீட்டு மாடியில் தூசி மிஷின்

சுண்ணாம்புமேட்டில் மூடி இல்லாத பாத்திரத்தைப் பார்க்க முடியாது. ரெட்டிபாளையத்துப் பக்கம் லாரிச் சாலையை ஒட்டிக் கிடக்கும் சிற்றூர் அது. தண்ணீர்க் குடத்தின் மேல் தட்டு, தட்டின் மேல் ஈரத்துணி. சோற்றுப் பானை, மோர்ச் சட்டி, மாட்டுக்குக் கரைத்து வைத்த தவிட்டுத் தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் ஒரு மூடி உண்டு. கல்யாணப் பந்தியில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்த கையோடு அதன்மேல் இன்னோர் இலையைக் கவிழ்த்துவிடுவார்கள். சோற்று வாளி வரும்போதுதான் மேல் இலையை எடுப்பார்கள். வெளியூர்ச் சம்பந்திகள் அதைக் குலவழக்கம் என்று நினைத்துக்கொள்வதுண்டு. குலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் விடியலிலிருந்து அந்தச் சாலையில் ஓடுகின்றன. ஊர் தன் சோற்றை மூடிக்கொள்கிறது.

சிந்தாமணி அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்தது திருமழபாடியில், கொள்ளிடத்துக் காற்று நேராக அடுப்படிக்குள் வரும் ஒரு வீட்டில். வந்த புதிதில் நடந்ததை அவளே சொல்லிச் சிரிப்பாள்: "தண்ணிக் குடத்தத் தொறந்து போட்டுட்டேன். எங்க மாமியா ஒரு வார்த்த வையல. அந்தத் தண்ணியவே மோந்து எனக்குக் குடுத்துச்சு. அதுக்கப்பறம் மறந்திருப்பேன்?"

சில வருடம் சுரங்கத்தில் கல் பொறுக்கினாள். பிறகு ஊர்ப் பள்ளியின் சத்துணவு மையத்தில் சமையலர் வேலை கிடைத்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், சாம்பார் அண்டா பாதி திறந்திருந்ததைப் பார்த்து மெமோ கொடுத்துவிட்டுப் போனார். சாம்பாரில் விழுந்தது எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. மூடி எங்கே என்றுதான் கேட்டார். அன்றிலிருந்து சிந்தாமணியின் கை, எதைக் கண்டாலும் தானாக ஒரு துணியைத் தேடியது.

நாற்பது வயதைத் தாண்டியதும் அவளுக்கு மூச்சிழுப்பு வந்தது. அரியலூர் மருத்துவரிடம் போனாள். "விறகடுப்பா?" என்றார். கேஸ் அடுப்பு என்றாள். "அப்ப அலர்ஜி" என்று மாத்திரை எழுதினார். ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு சாமியாடி, செய்வினை என்று சொல்லி மணிக்கட்டில் வெள்ளைக் கயிறு கட்டினார். கயிறு மூன்றே மாதத்தில் சாம்பல் நிறமானது. சுண்ணாம்புமேட்டில் அதுவரை நடந்த ஒரே காற்று அளவீடு அதுதான்.

பிறகு நிஜமான அளவீடு வந்தது. சுரங்கக் கம்பெனி ஊருக்குப் பின்னால் இரண்டாவது குழி வெட்ட அனுமதி கேட்டிருந்தது. வெட்டினால் லாரிகள் பள்ளிக்கூடச் சுவரை உரசிக்கொண்டு போகும். அனுமதி தருவதற்கு முன் இப்போதுள்ள காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று அளந்து அறிக்கை வைக்க வேண்டும்; அதன்மேல் மக்களிடம் பகிரங்கமாகக் கருத்துக் கேட்க வேண்டும். கம்பெனி ஓர் ஆலோசனை நிறுவனத்தைப் பிடித்தது. அதற்கு, மரம் மறைக்காத ஒரு மொட்டைமாடியும் மின்சார இணைப்பும் தேவைப்பட்டன.

யாரும் மாடி தரவில்லை. கம்பெனி மிஷின் வீட்டுக்குள் வந்தால் வீடே கம்பெனிக்குப் போய்விடும் என்று ஒரு பேச்சு. சிந்தாமணியின் கணவன் செல்லமுத்து அதே சுரங்கத்தின் ஒப்பந்தக்காரரிடம் டிப்பர் ஓட்டுபவன். அவனுக்கும் விருப்பமில்லை. சிந்தாமணிதான் ஒரே பிடியாக நின்றாள். "எனக்கு மூச்சு எதனால கெட்டுப்போச்சுன்னு ஒருத்தனும் சொல்லல. மிஷினாவது சொல்லட்டுமே."

மிஷினைப் பொருத்திய அன்று ஆலோசனை நிறுவனத்து மேலாளர் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினார். காற்றில் எவ்வளவு அழுக்கு என்று பார்க்க வந்த கருவிக்கு முதலில் ஊட்டியது கற்பூரப் புகை. வேதியியல் படித்துப் பட்டம் வாங்கியவர் அவர். அது எப்படி வேலை செய்கிறது, அருகில் என்ன செய்யலாம், செய்யக் கூடாது என்று அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கூட வந்திருந்த களப்பணியாளன் அஜித்குமார் மட்டும் இறங்கும்போது சொன்னான்:

"அக்கா, ரொம்ப வெல உள்ள மிஷின். பத்திரமாப் பாத்துக்கங்க."

அவள் பார்த்துக்கொண்டாள்.

கருவி எளிமையானதுதான். தகரக் கூரை போட்ட பெட்டி. உள்ளே மோட்டார். வெளிக்காற்றை உறிஞ்சி ஒரு வெள்ளைத் தாள் வழியே செலுத்தும். நுண்ணிய தூசி தாளில் ஒட்டும். பெரிய தூசி கீழே உள்ள சிறு குப்பியில் விழும். முன்பும் பின்பும் தாளை எடை போட்டு, வித்தியாசத்தை எவ்வளவு காற்று போனது என்பதால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். இதில் பொய் சொல்லும் இடம் மிஷினுக்குள் இல்லை. அதைச் சுற்றித்தான் இருக்கிறது.

முதல் நாளே, தகரக் கூரைமேல் தூசி படிவதைக் கண்டதும் சிந்தாமணி பழைய நூல் புடவை ஒன்றை நனைத்துப் பிழிந்து, தண்ணீர்க் குடத்துக்குக் கட்டுவதுபோல மிஷினைச் சுற்றிக் கட்டினாள். உறிஞ்சும் வாயும் உள்ளே போய்விட்டது. துணி காய்ந்தால் மறுபடி நனைத்தாள். அஜித்குமாரின் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதும் மாடியேறி அவிழ்த்துவிடுவாள், அவன் போனதும் மறுபடி கட்டுவாள். அதிகாரி வந்தால் மூடியைத் திறந்து காட்ட வேண்டும் என்பது பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்த பாடம். மார்கழி, தை, மாசி என்று வாரத்தில் இரண்டு நாள் மிஷின் ஓடியது. ஒரு நாளும் அவள் அதைத் திறந்து போடவில்லை.

அஜித்குமார் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து தாள் மாற்ற வேண்டும் என்பது விதி. அவனிடம் இருந்தது ஒரு பைக். பார்க்க வேண்டியவை ஐந்து ஊர்கள். காலையில் ஒருமுறை வருவான், மூன்று முறை வந்ததாகக் கையெழுத்துப் போடுவான். தாள் வெளுப்பாக இருந்ததை அவன் கவனிக்காமலில்லை. மேலாளரிடம் சொன்னபோது, "அளவு கம்மியா வர்ற நல்ல ஸ்டேஷன்பா, விட்டுடு" என்றார். விட்டுவிட்டான்.

அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம், கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பு ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தது. வார்டு உறுப்பினர் முத்தமிழ்செல்வன் அதை டீக்கடையில் உரக்கப் படித்தான். முப்பது வயது, கோபக்காரன், இரண்டாவது குழிக்கு எதிராக ஊரைத் திரட்டிக்கொண்டிருந்தவன்.

"நுண்தூசி நூறு வரைக்கும் இருக்கலாமாம். நமக்கு அம்பத்தெட்டாம்!"

"அம்பத்தெட்டா? அப்ப கொடைக்கானல்காரன் இனிமே இங்க வந்துதான் ரூம் எடுப்பான்," என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்த பஞ்சநாதன். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த எண் நின்றால் இரண்டாவது குழியும் நிற்காமல் வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலை, அதுவரை மாடியிலேயே கிடந்த மிஷினைக் கழற்றி எடுத்துப்போக அஜித்குமார் ஒரு சரக்கு வண்டியோடு வந்தான். அவன் மாடியேறியதும் கீழே வண்டிச் சாவியை யாரோ பிடுங்கிக்கொண்டார்கள். அவன் எட்டிப் பார்த்தபோது வாசலில் பாதி ஊர் நின்றது. முத்தமிழ்செல்வன் ஆறேழு பேரோடு மேலே வந்தான்.

"எவ்வளவுடா வாங்குன?"

"அண்ணே, சத்தியமா நான் ஒண்ணும்…"

"சத்தியமெல்லாம் வேணாம். கம்பெனிக்காரன்ட்ட காசு வாங்கிக்கிட்டுக் கணக்கக் கொறச்சேன்னு இதுல எழுது. கையெழுத்துப் போட்டா வண்டி போவும்."

ஒருவன் அவன் சட்டைக் காலரைப் பிடித்தான். இன்னொருவன் அவன் செல்போனை வாங்கினான். அதற்குள் சரக்கு வண்டி ஓட்டுநர் ஆபீசுக்குப் பேசிவிட்டதாகவும், போலீஸ் வண்டி கிளம்பிவிட்டதாகவும் கீழிருந்து குரல் வந்தது. முத்தமிழ்செல்வனின் முகம் இறுகியது. போலீஸ் வருவதற்குள் கையெழுத்து வேண்டும்.

சிந்தாமணி இரண்டு பேரையும் விலக்கிக்கொண்டு நடுவே வந்தாள். தன் வீட்டு மாடியில் தன் பொறுப்பில் இருந்த பொருளின் கணக்கைப் பொய் என்கிறார்களே என்ற எரிச்சல் அவளுக்கு.

"மிஷின் மேல என்னடா குத்தம்? நான் பெத்த புள்ளயாட்டம் பாத்துக்கிட்டேன். ஒரு நாளு தொறந்து போட்டிருப்பனா? ஒரு பொட்டுத் தூசி உள்ள போவ வுட்டிருப்பனா?"

காலர் பிடியில் இருந்தபடியே அஜித்குமார் திரும்பிப் பார்த்தான்.

"தொறந்து போடலன்னா? என்னக்கா சொல்றீங்க?"

அவள் கொடியில் கிடந்த நூல் புடவையை எடுத்துக் காட்டினாள். எப்படிச் சுற்றுவாள், எங்கே முடிச்சுப் போடுவாள் என்று செய்தே காட்டினாள். பாதி முடிச்சில் அவன் முகத்தைப் பார்த்தாள். கை நின்றுவிட்டது.

"உறிஞ்சுற வாய் அதான்க்கா," என்றான் அவன் மெதுவாக. "தூசி உள்ள போவத்தான் அது இருக்கு."

சாலையில் ஒரு டிப்பர் போனது. முதலில் சுதாரித்தவன் முத்தமிழ்செல்வன். அவளைக் கைப்பிடிச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனான்.

"அத்த, இத வெளிய வுடாதீங்க. ஊர்க்காரங்களே மிஷினக் கெடுத்துட்டாங்கன்னு கம்பெனி சொல்லும். கேஸ் உங்க மேலதான் வரும். சத்துணவு வேலையும் போவும். இவன் எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுது."

"அவன் காசு வாங்குனானா?"

"வாங்காமயா இருப்பான்?"

"வாங்குனானான்னு கேட்டேன்."

அவன் கையிலிருந்த வெற்றுத் தாளை மடித்தான்.

"அவங்க ஒரு பொய்க் கணக்கு வச்சிருக்காங்க. நீ இன்னொண்ணு வச்சா, எதடா நம்புவான் பாக்கறவன்?" அவளுக்கு மூச்சு இழுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அஜித்குமாரிடம் திரும்பினாள். "தம்பி, அந்த வெள்ளத் தாளு இன்னும் இருக்கா?"

பையில் இரண்டு இருந்தன.

காலரைப் பிடித்திருந்தவன் கையை எடுத்தான். அஜித்குமார் ஒரு தாளைப் பொருத்தி மிஷினை ஓடவிட்டான். சுற்றிலும் துணி இல்லை. யாரும் கலையவில்லை. போலீஸ் வந்தபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது. உதவி ஆய்வாளர் மாடியேறி வந்து, "யாருப்பா இங்க அடைபட்டுக் கிடக்கிறது?" என்றார். அத்தனை கண்ணும் அஜித்குமார் மேல் திரும்பியது. அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏழெட்டுப் பேர் அன்றைக்கே உள்ளே போவார்கள்.

"யாரும் இல்ல சார். மிஷின் சரியா ஓடுதான்னு பாத்துக்கிட்டு இருக்கோம்," என்றான் அவன். கசங்கிய காலரை அவர் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு நாற்காலி கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் மதிய மணி அடித்த பிறகு தாளை எடுத்தார்கள். டீசல் கரியும் சுண்ணாம்பும் கலந்த அழுக்குப் பழுப்பு. குப்பியைத் தட்டியபோது உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மாவு விழுந்தது. அடுத்த தாளைப் பொருத்தி, சிந்தாமணி ஈரப்புடவையைச் சுற்றினாள். அதே லாரிகள், அதே வெயில், அதே அளவு நேரம். எடுத்தபோது தாள் பழகிய வேட்டி அளவுக்கு மங்கியிருந்தது, குப்பியில் ஒன்றுமில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். எந்தத் தாள் எது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இது ஆய்வகத்துக் கணக்கு ஆவாதுக்கா," என்றான் அஜித்குமார். "ஈரம் போவக் காய வச்சு, முன்னாடியும் பின்னாடியும் நிறுக்கணும். கண்ணால பாத்தத ஏத்துக்க மாட்டாங்க."

"நான் கண்ணால பாத்தது எனக்குப் போதும்."

"கூட்டத்துல நான் வந்து சொல்ல முடியாதுக்கா. வேல போயிடும். வேப்பந்தட்டையில அப்பா அம்மா என்னைய நம்பித்தான்…"

"நான் ஒன்ன ஒண்ணும் கேக்கலியே," என்றாள் சிந்தாமணி.

அன்று மாலை செல்லமுத்து வந்ததும் வராததுமாகக் கத்தினான். அவள் கூட்டத்தில் பேசப்போகிறாளா என்று ஒப்பந்தக்காரர் அவனைக் கூப்பிட்டு விசாரித்திருந்தார். "ஊருக்கே ஒன் வாய்தான் கெடச்சுதா? சும்மா இருந்தா இந்த வூட்டுல வண்டி ஓட்டறவன் ஒருத்தன் இருப்பான். பேசுனா ரெண்டு பேரும் ஒக்காந்து ஒன் மிஷினத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்."

அவள் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டு முடித்தான். பிறகு கேட்டாள்: "நீ இருமுறப்பல்லாம் அந்தத் துண்டுல வெள்ளையா வருதே, அது என்னன்னு ஒப்பந்தக்காரரு சொன்னாரா?"

அவன் எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

கருத்துக்கேட்புக் கூட்டம் அரியலூர்ச் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் அதிகாரிகள், பக்கத்தில் ஆலோசனை நிறுவனத்து மேலாளர், திரையில் அவருடைய படங்கள். முன்வரிசையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள், ஆளுக்கொரு உணவுப் பொட்டலத்தோடு. சுண்ணாம்புமேடு பின்னால் நின்றது. ஐம்பத்தெட்டு என்ற எண் திரையில் பச்சை நிறத்தில் பெரிதாக வந்தது.

சிந்தாமணி மைக் அருகே போனபோது அவள் மூச்சுத்தான் முதலில் ஒலிபெருக்கியில் கேட்டது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"என் பேரு சிந்தாமணிங்க. மிஷின் இருந்தது எங்க வூட்டு மாடியில. அது ஓடுன நாளெல்லாம் அத ஈரப்புடவ போட்டு மூடி வச்சது நான்தாங்க."

முத்தமிழ்செல்வன் தலையைக் குனிந்துகொண்டான். மேலாளர் துள்ளி எழுந்தார்.

"சார், அவங்களே ஒத்துக்கிறாங்க. கருவியை ஊர்க்காரங்கதான் கெடுத்திருக்காங்க. நடவடிக்கை எடுக்கணும். எங்க அளவீட்டுல குறை இல்ல."

தலைமை அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, இத நீங்க சொன்னா உங்களுக்குத்தான் ஆபத்து. தெரியுமா?"

"தெரியுங்க. தண்டன எதுவோ அத அப்பறம் குடுங்க. ஆனா அந்தா எழுதியிருக்கே அம்பத்தெட்டு, அது எங்க ஊரு காத்து இல்லீங்க. என் புடவையில பூந்து வந்த காத்து. எங்க ஊரு காத்த இன்னும் யாருமே அளக்கல."

பின்னால் கைதட்டல் கிளம்பியது. மேலாளரின் குரல் உயர்ந்தது. "சார், எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எங்க ஆள் போயிருக்காரு. எல்லாத்துக்கும் கையெழுத்து இருக்கு. மூடியிருந்தா பாத்திருக்க மாட்டாரா? இந்தம்மா பொய் சொல்றாங்க."

"மூடுனாங்க, நடவடிக்கை எடுங்கன்னு இப்பத்தான் சொன்னீங்க," என்றார் அதிகாரி. "இப்ப மூடவே இல்லைங்கறீங்க. ரெண்டுல எது?"

"போனவரையே கேக்கலாம் சார்," என்று மேலாளர் சுவரோரம் கை நீட்டினார். அங்கே நிறுவனத்தின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அஜித்குமார் நின்றிருந்தான். இந்தப் பையன் என்ன சொல்லிவிடுவான் என்ற தெம்பு அந்தக் கையில் இருந்தது.

அஜித்குமார் மைக் வரை வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே பேசினான்; மண்டபம் அவ்வளவு அமைதியாக இருந்தது.

"காலையில ஒரு தடவதான் சார் போனேன். மத்த ரெண்டும் போகாம போட்ட கையெழுத்து. தாள் வெளுப்பா இருக்குன்னு சொன்னேன். விட்டுடுன்னாங்க."

சிந்தாமணி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பயந்ததாகப் பிறகு சொன்னாள்.

அளவீடு செல்லாது, மீண்டும் ஒரு பருவம் முழுக்க அளக்க வேண்டும், ஊர்க்காரர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று முடிவானது. இரண்டாவது குழி அதுவரை நிறுத்திவைக்கப்பட்டது, ரத்தாகவில்லை. அஜித்குமாரை நிறுவனம் அந்த வாரமே வெளியேற்றியது. இப்போது பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் கொழுப்பு அளக்கிறான். செல்லமுத்துவின் டிப்பர் வேறு ஆளிடம் போனது. அனுமதியில்லாமல் கூட்டத்துக்குப் போனது ஏன் என்று விளக்கம் கேட்டுச் சிந்தாமணிக்கு ஒன்றிய அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஐம்பத்தெட்டு என்று எழுதி, பச்சை வண்ணம் பூசிக் காட்டியவருக்கு விளக்கம் கேட்டு எந்தக் கடிதமும் போகவில்லை. அவர் வேறொரு மாவட்டத்தில் வேறொரு அறிக்கை எழுதிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

விளக்கம் கொடுக்கப் போன அன்று, பஸ்ஸுக்குக் காத்திருந்த சிந்தாமணியின் பக்கத்தில் முத்தமிழ்செல்வன் வந்து நின்றான்.

"அத்த, ஒழுங்கா அளந்தும் அம்பத்தெட்டே வந்துட்டா?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தக் கேள்வி அவளுக்கும் பல இரவுகளாக இருந்தது.

"வந்தா, நமக்கு வந்திருக்கறது வேற எதோன்னு தெரிஞ்சுக்குவோம். தெரியாம சாவறதுக்கு அது தேவல."

"வராதுத்த."

"நானும் அப்படித்தான் நெனைக்கிறேன். நெனப்ப வச்சு என்ன பண்ண? இந்தத் தடவ கூட இருக்கப்போறது நீதானாமே. மாடியில போயி ஒறங்கித் தொலைக்காத."

பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.